‘99 சதவீதத் துல்லியம்’ என்று விற்க வருகிறவர்களைப் பற்றி வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

கூட்டுறவு வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஃபிஷிங் இணைப்புகளை, அதாவது வங்கிபோல் நடித்துக் கடவுச்சொல் திருடும் போலி இணைப்புகளைப் பிடிக்கும் இயந்திரக் கற்றல் மென்பொருளுக்கு விலை பேசும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். நாளுக்கு 10 லட்சம் இணைப்புகள் சோதனைக்கு வருகின்றன, அவற்றில் 100 போலி என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதத் துல்லியம் என்றால் 99 போலிகள் பிடிபடும். நல்லவற்றிலும் 1 சதவீதம் தவறாக மாட்டும்; அது கிட்டத்தட்ட 10,000. நூறு எச்சரிக்கைக்கு ஒன்றுதான் உண்மை என்றால், யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பத்தாயிரம் நல்ல இணைப்புகளில் ஒன்றுக்கு மேல் தவறாகப் பிடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்துவிட்டு, அப்போது எத்தனை போலிகள் சிக்கும் என்று கேளுங்கள்.

அந்த 99 வந்த வழியையும் விசாரியுங்கள். பல பயிற்சித் தரவுகளில் நல்ல தளங்களுக்கு முகப்பு முகவரி மட்டும் இருக்கும். போலிகளுக்கு நீண்ட முழு முகவரி இருக்கும். மாடல், அதாவது அந்தத் தரவில் பயின்ற மென்பொருள், முகவரியின் நீளத்தைப் பார்த்தே தேறிவிடும். பிறகு உங்கள் சொந்த நெட்பேங்கிங் பக்கத்தையே மடக்கும்! உலாவியில் முகவரிக்கு அருகே வரும் பூட்டுக் குறிக்கு மதிப்பெண் தரும் பழைய தரவுகளும் உதவாது. அந்தப் பூட்டுக்கான இலவசச் சான்றிதழ் சில நிமிடங்களில் கிடைப்பதால் போலித் தளத்திலும் பூட்டு உண்டு.

தரவைத் தேதிவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: மார்ச் வரை வந்தவற்றில் பயிற்சி, ஏப்ரலில் வந்தவற்றில் சோதனை. குலுக்கிப் பிரித்தால், ஒரே கும்பல் ஒரே வார்ப்பில் செய்த பக்கங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் விழுந்து மதிப்பெண் உப்பிவிடும்.

இன்னொரு ஓட்டை. டேட்டா சென்டரிலிருந்து போகும் சோதனைக் கருவிக்குப் பல போலித் தளங்கள் வெற்றுப் பக்கத்தையே காட்டும். இந்திய மொபைல் இணைப்பில் திறந்தால்தான் கடவுச்சொல் கேட்கும். அந்த வெற்றுப் பக்கம் ‘நல்லது’ என்று பதிவாகி, அடுத்த பயிற்சியையும் கெடுக்கும். மொபைல் இணைப்பில் மறுபடி பார்க்காத கருவியை வாங்காதீர்கள்.

மாடலே தேவைப்படாத ஒரு விதியும் உண்டு. 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. உங்கள் சின்னத்தைக் காட்டிக் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வேறு முகவரியில் இருந்தால் அது போலிதான். ஆனால் உங்கள் விளம்பரப் பிரிவு குறுஞ்செய்தியில் உண்மை முகவரியை மறைக்கும் சுருக்க இணைப்பு அனுப்பிக்கொண்டிருந்தால், வாடிக்கையாளர் முகவரியைப் பார்த்துச் சொடுக்கும் பழக்கத்தை நீங்களே கெடுக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வரும் மோசடி, இணைப்பை மட்டும் பார்க்கும் மாடலின் கண்ணில் படாது. அதற்குத் தனியாக டெண்டர் விடுங்கள்.

இப்படிக்கு,
ஃபிஷிங் தடுப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள்