பாதி எடை எங்கே போச்சு?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. காலாண்டுத் தேர்வு, கட்டுக்கட்டாக விடைத்தாள், நடுவில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கே என்னைப் பார்த்து, "இத்தனை நரை எப்போடி வந்துச்சு?" என்று கேட்டாள். பார்வை வந்ததில் எனக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

இப்போது மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏற்காட்டு மலை முழுக்க மேகம். இங்கே கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களிடம் படைப்பாற்றலோடு பாடம் நடத்துவது பற்றிப் பேச வேண்டும், உதாரணம் அனுப்பு என்றாய். எடுத்தவுடனே தெர்மாகோல் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒவ்வொரு வருஷமும் கண்காட்சிக்கு ஒரு எரிமலை வந்துவிடுகிறது, சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும், அதைச் செய்தது பிள்ளையின் அப்பாவும் முக்கு ஸ்டேஷனரிக் கடைக்காரரும். சேலத்தில் எரிமலை ஏதடி? ஓமலூர் ரோட்டுப் பக்கம் போனால் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறதே வெள்ளைக்கல், அதை ஏன் ஒருத்தரும் கொண்டுவருவதில்லை?

நான் கொண்டுவரச் சொன்னேன். பத்தாம் வகுப்பு, வேதிவினைகள் பாடம். அந்தக் குன்றுகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'சாக் ஹில்ஸ்'. நிறத்தைப் பார்த்து வைத்துவிட்டான் போலிருக்கிறது, அங்கே இருப்பது சாக் என்கிற சுண்ணாம்புக்கல் இல்லை, மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். மேசை மேல் மூன்று கண்ணாடித் தட்டு வைத்தேன். ஒன்றில் முட்டை ஓடு, ஒன்றில் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ், ஒன்றில் நம் ஊர்க் கல். மூன்றின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். முட்டை ஓடு உடனே நுரைத்தது. மற்ற இரண்டும் சும்மா கிடந்தன. "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வாயை மூடுவதற்குத்தான் மல்லிகா எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது! மேரி பட் ரோ என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி, வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டு, 1970களில் எழுதினார். ஆசிரியர் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடியாம். அதற்குள் அவரே பதில் சொல்லிவிடுவார், இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுவார். அதையே மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, எப்போதும் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதே, நாற்பது பிள்ளைகள் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மூன்று நிமிஷம் மாதிரி இருக்கும். நான் மனசுக்குள் எண்ணுவேன். ஒருமுறை நான் அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது பார்வையிட வந்த ஒருவர், 'வகுப்பில் கற்பித்தல் நடைபெறவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். வெளியே போய் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன.

அன்றைக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டீச்சர், சூடு பண்ணிப் பாக்கலாமா?" என்றாள். புத்தகத்தில் அது இல்லை. பொடித்து அமிலத்தோடு சூடாக்கினோம், வெள்ளைக்கல் நன்றாகவே நுரைத்தது. சாக்பீஸ் அப்போதும் கம்மென்று கிடந்தது. அது பெரும்பாலும் ஜிப்சம் என்று சொன்னபோது ஒருவன், "அப்ப சாக்பீஸும் சாக் இல்ல, சாக் ஹில்ஸும் சாக் இல்ல, யாருதான் டீச்சர் சாக்?" என்றான். வகுப்பே சிரித்தது. கேள்வியும் நல்ல கேள்விதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. இன்னொரு பெண், அவளுடைய அப்பா கல் சுடும் சூளையில் வேலை பார்த்தவர், எழுந்து சொன்னாள்: "சூளையில ஏத்தறப்ப இருக்கிற எடை இறக்கறப்ப இருக்காதுன்னு அப்பா சொல்வாரு. பாதி எடை எங்க போவும் டீச்சர்?" ஒரு பொருள் சூட்டில் பிரிந்துபோகிற சிதைவு வினைக்கு நான் எத்தனை வருஷமாகச் சுண்ணாம்புக்கல் சமன்பாட்டைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன், சூளையை ஒருநாளும் நினைத்ததில்லை. கணக்குப் போட்டோம். 84 பங்கு மேக்னசைட்டைச் சுட்டால் 44 பங்கு கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும், 40 பங்கு மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு, நிற்கும். 2,800 டிகிரி வரைக்கும் உருகாத சாமான், அதனால்தான் உருக்காலை உலைகளுக்கு உள்ளே செங்கல்லாகப் போகிறது. அப்பா சொன்ன பாதி, பாதிக்கும் மேலே என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த கேள்வியும் அவளுடையதுதான்: "அந்தக் காத்த யாரு சுவாசிக்கிறது?" அதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை.

நீ 2007-ல் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்தபோது செயல்வழிக் கற்றல், பிள்ளைகள் அட்டை அட்டையாகத் தாங்களே செய்து படிப்படியாக ஏறும் முறை, வந்தது ஞாபகம் இருக்கிறதா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் ஆரம்பித்து நமக்கு வந்து சேர்ந்தது. அட்டை, ஏணிப்படி, பிள்ளைகள் எட்டி எழுதத் தாழ்வான கரும்பலகை. அந்தப் பலகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நீயே சொல்வாய், கொஞ்ச நாளில் அட்டை முடிந்ததா, டிக் போட்டாயா என்பதே வேலையாகிவிட்டது என்று. நல்ல முறையைக்கூட நாம் பதிவேடாக்கிவிடுகிறோம்.

நன்னூலில் மாணாக்கரை வகைப்படுத்தியது பி.எட்.டில் படித்தோமே. அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை. கிளியை இடையில்தான் வைத்தார் பவணந்தி, நாம் அதற்கு முதல் ரேங்க் கொடுத்து மேடையேற்றுகிறோம். ஒரு செடியில் நிற்காமல் அங்கங்கே கடிக்கும் ஆட்டைக் கடைசியில் தள்ளியதில் எனக்குச் சம்மதமில்லை. சூடு பண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டவள் சுத்தமான ஆடு.

பெரிதாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. ஜனவரி பிறந்தால் நானும் கிளி வளர்ப்பவள்தான். திருப்புதல், மாதிரி வினாத்தாள், ஐந்து மதிப்பெண் வினாவுக்குத் தலைப்பு போட்டு எழுது, அவ்வளவுதான். பொதுத்தேர்வில் என் பிள்ளைகள் தோற்றால் அவர்கள் வீட்டில் அடுத்த நாளே வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. இதையும் உன் பயிற்சியில் சொல். சொல்லாவிட்டால் அவர்கள் உன்னை நம்பமாட்டார்கள்.

இப்போதைய நிலவரம்: கணக்குப் போட்டது போதாது, சுட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நம் ஸ்பிரிட் விளக்கின் சூடு அதற்குப் பத்தாது. ஒரு பையனின் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், வெள்ளி 962 டிகிரியில் உருகும், ஆக அவருடைய அடுப்பே தாராளம். மில்லிகிராம் காட்டும் தராசும் அங்கே இருக்கிறது. முதலில் சிரித்தாராம், பிறகு அடுத்த ஞாயிறு பட்டறைக்கு லீவு, டீச்சரைக் கூட்டிட்டு வா என்றாராம். 10 கிராம் கல் எடுத்துப் போகிறோம். சுட்ட பிறகு 4.8 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும், கல்லில் மண் கலந்திருந்தால் கொஞ்சம் கூடும். எடை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
தமிழரசி