மாநகராட்சி பீட் கிடைத்த மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. செய்தி சேகரிக்க ஆளுக்கொரு துறை, அதாவது பீட், பிரித்துக் கொடுத்ததில் மற்றவர்களுக்கெல்லாம் சினிமா, கிரிக்கெட். உனக்கு மட்டும் மாநகராட்சி பீட் என்று புலம்பினாய். நான் சிரித்தது தப்புதான்.

முதலில் எது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கு. தெருவில் தண்ணீர் நின்றால் அது மழைத் தண்ணீரா சாக்கடையா என்று தெரியாமல் போனால், இரண்டு அலுவலகமும் உன்னைப் பந்தாடும். மொத்தம் 200 வார்டு. அத்தனையும் உன்னால் முடியாது. உன் ஹாஸ்டல் இருக்கும் வார்டை மட்டும் எடுத்துக்கொள். செய்தி இல்லாத நாளிலும் போ. அங்கே வழக்கமாக என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான், வழக்கம் மாறும்போது கண்ணில் படும்.

எனக்கு முதலில் வாய்த்த சோர்ஸ், அதாவது செய்திக்குத் துப்புத் தரும் ஆள், ஆணையர் இல்லை. தபால் பிரிவில் முத்திரை குத்திக்கொண்டிருந்த ஒருவர். ரகசியம் எதுவும் சொன்னதில்லை. மாலையில் நான் கிளம்பும்போது சில நாள் மட்டும் தலை நிமிராமல், "சார், இன்னிக்கு டீ குடிச்சிட்டுப் போங்களேன்" என்பார். அவ்வளவுதான். நான் உட்கார்ந்துவிடுவேன்.

அப்புறம் என் அசட்டுத்தனத்தையும் கேட்டுக்கொள். ஒரு நகராட்சிக் கூட்டத்தில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன், பஸ் பிடிக்க. கையில் அஜெண்டா இருந்ததே என்ற தைரியத்தில், கடை வாடகை உயர்வு நிறைவேறியது என்று எழுதி அனுப்பினேன். கடைசியில் அதை ஒத்திவைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் மார்க்கெட் கடைக்காரர்கள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அம்மாதான் மோர் கொடுத்து உட்கார வைத்தாள். அஜெண்டா என்பது பேசப்போவது, நடந்தது இல்லை.

தகவல் உரிமை மனு போடுவதென்றால் இந்த வாரமே போடு. 10 ரூபாய்தான் கட்டணம், ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. உன் செமஸ்டர் அதற்காகக் காத்திருக்காது. "வடிகால் பற்றிய விவரம்" என்று மொத்தமாகக் கேட்காதே. எந்தத் தெரு, எந்த ஆண்டு, ஒப்பந்தத் தொகை எவ்வளவு என்று கேள்.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். உன் வார்டில் தெரு பெருக்கும் அக்காமாருக்கும் கொஞ்சம் எடுத்துப் போ. செய்தி கேட்காதே, சும்மா பேசிவிட்டு வா.

அப்பா