ஆடி 22: மேடத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மேடம்,

வாட்ஸ்அப்பில் எழுதினால் "நல்லது" என்று ஒரு சொல் போட்டு முடித்துவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் சிவப்புப் பேனாவை மட்டும் எடுக்காதீர்கள்.

இந்த மாதத்திலிருந்து நர்சிங் பிள்ளைகளுக்கு நரம்பியல் பகுதியை நான்தான் எடுக்கிறேன். நீங்கள் நின்ற அதே வகுப்பு, கடகடவென்று ஆடும் அதே ஃபேன். முதல் நாள், நோயாளிக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று மார்க் போடும் கிளாஸ்கோ கோமா அளவுகோலைப் போர்டில் எழுதினேன். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15; எந்த அசைவும் இல்லாமல் கிடந்தாலும் 3. டீஸ்டேல், ஜென்னட் என்ற டாக்டர்கள் 1974-இல் கொண்டுவந்தது என்பதுவரை ஒப்பித்துவிட்டேன். பேச்சு மார்க்குக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. அதில் நான் அடித்த கூத்து உங்களுக்கு மறந்திருக்காது.

அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி அவர். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடி. காலை டியூட்டியில் போய், "தாத்தா, இன்னைக்கு என்ன தேதி?" என்றேன். "ஆடிப்பெருக்கு கழிஞ்சு நாலு நாளாச்சுல்லா" என்றார். என் சார்ட்டில் ஆகஸ்ட் 7 என்று இருந்தது. மாசம் கேட்டேன். "அதான் சொன்னேம்லா, ஆடி." நான் பேச்சுக்கு 4 போட்டேன், குழப்பமான பேச்சு. ராத்திரி 15-இல் இருந்தவர் காலையில் 14. தலையில் அடிபட்டவருக்கு மார்க் இறங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்றுதானே முதலில் தோன்றும்? டாக்டரைக் கூப்பிட ஓடியவளை வழியில் நிறுத்தினீர்கள். சார்ட்டை வாங்கிப் பார்த்தீர்கள். நர்ஸ் மேசைக்கு மேலே தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினீர்கள். ஆடி 22.

"ஏட்டி, அவருக்குத் தேதி சரியாத்தான் தெரியுது. இப்போ குழம்பிக் கெடக்கது யாரு?"

அப்புறம் தாத்தா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கார் பயிருக்குத் தண்ணீர் வரத்து எப்படி, எந்த மடையில் தகராறு என்று கால் மணி நேரம் பேசினீர்கள். நான் அதை வெட்டிப்பேச்சு என்றே நினைத்தேன். அவருடைய நினைவையும் கோர்வையையும் நீங்கள் அந்தப் பேச்சிலேயே பார்த்து முடித்திருந்தீர்கள் என்பது எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது.

நியூரோ வார்டு நர்ஸ், எம்.எஸ்ஸி., விரிவுரையாளர், பிஎச்.டி. என்று உங்கள் பிரிவுபசார விழாவில் வரிசையாக வாசித்தார்கள். சரி, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆய்வை எப்படிச் செய்தீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளிகளோடு நீங்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தாளில் இறக்கியவள் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு ஃபாரம் நீட்டுவார்கள், திருப்தியா இல்லையா என்று. நம்ம ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்வார்களா? "நல்லாப் பாத்துக்கிட்டியம்மா, நீ நல்லா இருப்ப" என்பார்கள். டிக், டிக், டிக். நீங்கள் சில வாரம் கழித்து வீட்டுக்கே போனீர்கள். எப்படி இருந்தது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. "மொத நாள் ராத்திரி என்ன நடந்துச்சு?" என்பீர்கள். அப்போதுதான் வந்தது: "ரெண்டு மணிக்கொருக்கா வந்து பொரட்டிப் போடுவாவ. பொரட்டுதோம்னு ஒரு வார்த்த சொல்லமாட்டாவ. ஒரு பக்கம் ஒணர்ச்சியே கெடையாதுல்லா, கட்டில விட்டு விழுதோம்னே நெனச்சேன்." படுக்கைப்புண் வராமலிருக்கப் புரட்டுவது முறைதான். சார்ட்டிலும் எல்லா டிக்கும் ஒழுங்காக இருந்திருக்கும். அன்றிலிருந்து நான் சொல்லாமல் யாரையும் புரட்டியதில்லை, நினைவில்லாமல் கிடப்பவரையும்.

இரண்டாவது கூத்து, சேரன்மாதேவிப் பக்கத்து நெல் அளப்பவர். இடது மூளையில் ஸ்ட்ரோக். வலது கை கால் விழுந்து பேச்சும் போயிருந்தது. சொல்வது புரியும், வாயில் வருவது மட்டும் ஒரே சொல். பேர் என்ன? "லாபம்." சாப்பிட்டீர்களா? "லாபம்." மகனுக்கு ஒரே கூச்சம். நான் அந்தப் பதிவைத் தட்டச்சு செய்தபோது ஒவ்வொரு இடத்திலும் 'பொருத்தமற்ற பதில்' என்று போட்டு, நடுவில் இருந்த மௌனத்தையெல்லாம் வெட்டிவிட்டுச் சுத்தமான தாளாகக் கொடுத்தேன். நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். "எவ்வளவு நேரம் பேசாம இருந்தாருன்னு எழுது. அதுவும் அவரு சொன்னதுதான்."

மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வினாடி எண்ணினேன். 20, 35. ஓர் இடத்தில் கட்டில் சட்டத்தை விரலால் தட்டும் சத்தம். தட்டு, இடைவெளி, தட்டு. எனக்கு அது வெறும் சத்தம். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு அடுத்த முறை போனபோது நெல் அளக்கும் மரக்கால் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அவருடைய இடது கையில் கொடுத்து, முன்னால் நெல்லைக் கொட்டச் சொன்னீர்கள். முதல் மரக்கால் விழுந்ததும் "லாபம்." அடுத்தது, "ரெண்டு." "மூணு." ஒன்பது வரை போனார். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும், மேடம், நானும் வயக்காட்டு வீட்டுப் பிள்ளைதான். யூனிஃபார்ம் போட்டதும் மறந்துவிட்டது! மூளையில் பேச்சிடம் அடிபட்டாலும் எண்ணுவது, கிழமை சொல்வது போன்ற பழகிய வரிசைகள் பலருக்கு மிஞ்சி நிற்கும் என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். 1861-இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற அசைதான் வாயில் நின்றதாம். நம்மாளுக்காவது மங்கலமான சொல் நின்றது. "எங்கப்பா எண்ணுதாவ" என்று அந்த மகன் தெருவுக்கு ஓடிய சத்தமும் பதிவில் இருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.

முக்கூடல் பக்கத்து பீடிக்கார அக்காவையும் சொல்லிவிடுகிறேன். அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று பார்க்கும் பார்தெல் குறியீட்டில் பத்துக் கேள்வி. 1965-இல் வந்தது, இன்றும் அதைத்தான் போடுகிறோம். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மாடிப்படி ஏறுவது. அக்காவுக்கு நூற்றுக்கு நூறு. ஃபாரத்தின் கணக்கில் அவர் யார் தயவும் இல்லாமல் இருக்கிறார். "வேற?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்கள். அக்கா எழுந்து போய்த் தட்டை எடுத்து மடியில் வைத்தார். வெட்டி வைத்த இலையில் தூளைப் பரப்பினார். சுருட்டவும் வந்தது. நூல் சுற்றும்போது வலது கைப் பெருவிரல் நுனியில் நூல் நிற்காமல் வழுக்கியது. மறுபடி சுற்றினார். இலை பிரிந்து தூள் மடியில் கொட்டியது.

"சாப்பிடுதேன், குளிக்கேன், நடக்கேன். இந்த வெரலுக்குத்தாம்மா இன்னும் நெனவு வரல."

ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த விரல்நுனிதான் வீடு. ஃபாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. நீங்கள் நூறு என்ற மார்க்கை அடிக்கவில்லை. பக்கத்திலேயே அந்த வாக்கியத்தை அப்படியே எழுதினீர்கள், 'வெரலு' என்றே. நான் அதை 'விரல்' ஆக்கப் பார்த்துத் திட்டு வாங்கியது தனிக்கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "நோயாளி பேசுற வரைக்கும் காத்திருக்கணும்னு சொல்றீங்க, சரி. நைட் டியூட்டியில முப்பது பேருக்கு ரெண்டு பேர்தான் இருக்கோம். எவ்வளவு நேரம் காத்திருக்க?" என்றாள். நியாயமான கேள்வி. ஆய்வுக்குப் போன உங்களுக்கு ஒரு முழு மதியம் இருந்தது, இவளுக்கு மூன்று நிமிஷம்கூடக் கிடையாது. நான் ஏதோ மழுப்பினேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை மதியம் அந்த வகுப்பு. நம்ம நெல்லை வண்ணாரப்பேட்டையில் பஸ் ஏறினால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வந்து அவளுக்குப் பதில் சொல்லுங்கள். செய்முறை அறையில் பொம்மை நோயாளிக்கு மேலே தினசரி காலண்டர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கிழிக்க மறந்து, முந்தாநாள் தாளே இன்னும் தொங்குகிறது.

உங்கள் பழைய மாணவி