ஃபைலைக் கொடுக்கும் முன்: சட்ட நிறுவனப் பார்ட்னர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பார்ட்னர்களுக்கு,

வணக்கம். நான் எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாத வழக்கறிஞர். உங்களைப் போன்றவர்களுக்கு மனு எழுதித் தருவேன், தீர்ப்புகளைத் தேடித் தருவேன், மேல்முறையீட்டு வாதங்களைத் தயாரிப்பேன். கையெழுத்து உங்களுடையது. அதில் எனக்கு வருத்தமில்லை, விரும்பி எடுத்த தொழில்தான். வேலை என் கைக்கு வந்து சேரும் விதத்தில்தான் வருத்தமெல்லாம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நிறுவனத்திலிருந்து 400 பக்க ஃபைல் வந்தது. கூடவே ஒரே வரி: "திங்கட்கிழமை காலை பதில் மனு வேண்டும்." நீதிபதி ஏற்கெனவே என்ன உத்தரவு போட்டிருக்கிறார், எந்த வாதத்தை வலியுறுத்துகிறார்கள், ஒன்றும் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து காலவரம்பு வாதத்தை, அதாவது வழக்கையே காலம் கடந்துதான் போட்டார்கள் என்பதை, எழுதினேன். திங்கட்கிழமை பார்ட்னர் சொன்னார், "அதை நாங்க போன மாசமே கைவிட்டுட்டோமே." என் பில்லில் பாதியை வெட்டினார். தப்பு யாருடையது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

அரைப் பக்கக் குறிப்பு ஒன்று இருந்திருந்தால் போதும். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், எதைத் தொடவே கூடாது, அதிகபட்சம் எத்தனை மணி நேரம் செலவிடலாம், வரைவு என்றைக்கு வேண்டும். தாக்கல் செய்யும் தேதி வேறு, உங்களுக்கு வரைவு வேண்டிய தேதி வேறு, இரண்டையும் சொல்லுங்கள். எழுத நேரமில்லையா, சரி, பத்து நிமிஷம் போனில் பேசுங்கள்.

அந்தக் குறிப்புக்கும் முன்னால் பெயர்களை அனுப்புங்கள். கட்சிக்காரர், எதிர்த்தரப்பு, அவர்களோடு தொடர்புள்ள கம்பெனிகள். நான் பல நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவன். போன வருடம் உங்கள் எதிர்த்தரப்புக்கே எழுதியிருக்கக்கூடும். நலமுரண், அதாவது ஒரு கட்சிக்காரரின் நலன் இன்னொருவருடையதோடு என்னிடம் மோதுவது, இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் ஃபைல் வந்துவிட்டால், படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாது. தற்காலிக வழக்கறிஞர்கள் பற்றி அமெரிக்க வழக்கறிஞர்கள் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் 1988-லேயே ஒரு கருத்துரை வெளியிட்டது. அப்படிப்பட்டவரின் நலமுரண் நிறுவனம் முழுவதையுமே அந்த வழக்கை எடுக்கவிடாமல் தடுக்குமா என்பது, மற்றக் கட்சிக்காரர்களின் தகவல்கள் அவருக்கு எட்டுமா என்பதைப் பொறுத்தது என்கிறது அது. ஆகவே எனக்கு அந்த ஒரு கேஸின் கோப்புறையை மட்டும் திறந்துவிடுங்கள். மொத்த சர்வரின் பாஸ்வேர்டையும் அனுப்பிவைத்த நிறுவனம் ஒன்று உண்டு. நம்பிக்கை என்று நினைத்துச் செய்தார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கட்சிக்காரரிடம் என்னைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறீர்கள். வெளி வழக்கறிஞரை அமர்த்தும் முன் பொதுவாகக் கட்சிக்காரரின் சம்மதம் வாங்க வேண்டும் என்று அதே சங்கம் 2012-இல் வழக்கறிஞர்களின் நடத்தைக்கான தன் மாதிரி விதிகளின் விளக்கவுரையில் சேர்த்தது. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பில் வந்தபிறகு "இவர் யார்?" என்று கட்சிக்காரர் கேட்பதைவிட முதலிலேயே சொல்வது எளிது.

பணம். எனக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கட்சிக்காரரிடம் வாங்குகிறீர்களே என்று நான் கேட்கவில்லை. என் வேலையைச் சட்டக் கட்டணமாகப் பில் போட்டால், மொத்தம் நியாயமாக இருக்கும்வரை அது சரிதான். செலவுக் கணக்கில் காட்டினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அசல் செலவுதான் என்று அந்தச் சங்கத்தின் 2000-ஆம் ஆண்டுக் கருத்துரையே சொல்கிறது. நான் கேட்பது வேறு. கட்சிக்காரர் உங்களுக்குக் கொடுக்கும்வரை என் பில்லை நிறுத்திவைக்காதீர்கள். அவரைத் தேர்ந்தெடுத்தது நானில்லை.

அப்புறம், என் வரைவைப் படியுங்கள். முழுசாக. நான் காட்டிய தீர்ப்புகளைத் திறந்து பாருங்கள். கையெழுத்து உங்களுடையது என்றேனே, நீதிமன்றத்தில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கடைசியாக ஒன்று: தாக்கல் செய்த மனுவின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். எதை மாற்றினீர்கள் என்று பார்த்தால்தான் அடுத்த முறை உங்கள் பாணியில் எழுத முடியும். உத்தரவு வந்தால் அதையும். எழுதிய எத்தனையோ வாதங்கள் ஜெயித்தனவா தோற்றனவா என்றே எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்களுக்காக எழுதும் ஒரு ஃப்ரீலான்ஸ் வழக்கறிஞர்