ஏஜென்ட்டின் கைக்கு எது எட்டும்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். தலைக்குக் குளிக்க அவசரப்பட வேண்டாம் என்றும் சொல், அவர் கேட்கிற ஆள் இல்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள், இப்போது வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து, மூன்று பேராக திருப்பூர் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்துகொடுக்கிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாயே: ராத்திரி படுக்கப் போகும்போது, தானே கட்டளைகளை ஓட்டி கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட்டிடம் வேலையைக் கொடுத்து, அனுமதி கேட்பதையெல்லாம் அணைத்துவிட்டுப் போகிறேன், விடியும்போது கோட் தயாராக இருக்கிறது என்று. அதுவும் உன் சொந்த லேப்டாப்பில். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அனுமதிக் கேள்விகளை அணைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் நிறுத்தி நிறுத்திக் கேட்டால், கொஞ்ச நேரத்தில் யாருமே படிக்காமல் 'யெஸ்' அழுத்திக்கொண்டே போவார்கள். அப்படிக் கொடுக்கிற அனுமதி யாரையும் காப்பாற்றாது. அணைத்துவிட்டு ஓடவிடலாம், ஆனால் அதற்கு வேறு இடம் வேண்டும். உன் லேப்டாப்பில் ஓடும் ஏஜென்ட் உன் பெயரில் ஓடுகிறது. நீ திறக்கக்கூடிய ஒவ்வொரு ஃபைலையும் அதுவும் திறக்கும்: சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி, கிளவுட் கணக்கின் கிரெடென்ஷியல், பிரவுசரின் குக்கீ, செட்டிங்குகள் வைக்கும் டாட் என்வி ஃபைலில் கிடக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. அந்த டேட்டாபேஸில் இருப்பது தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிப்பவர்களின் சம்பளமும் பேங்க் கணக்கு எண்ணும்.

ஏஜென்ட் தானாகவே தப்பு செய்யலாம். 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற கோடிங் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் நிஜ வேலை நடக்கும் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்துவிட்டது. அதன் பிறகுதான் டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் ப்ரொடக்‌ஷனையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அந்த நிறுவனம் அறிவித்தது. 'தொடாதே' என்று எழுதிவைத்தது காப்பாற்றவில்லை. தொட முடியாதபடி வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம், அடுத்தவன் பேச்சை அது கேட்டுவிடுவது. ஏதோ ஒரு ரீட்மீ ஃபைலிலோ, பக் ரிப்போர்ட்டிலோ, வெப் பக்கத்திலோ ஒளித்துவைத்த நாலு வரி போதும், உன் கட்டளை போல அதை எடுத்துக்கொள்ளும். எது நீ சொன்னது, எது வழியில் படித்தது என்று பிரித்துப் பார்க்க, ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடல்களுக்கு இன்னும் உறுதியாக வரவில்லை. இதற்கு 2022இல் 'ப்ராம்ட் இன்ஜெக்‌ஷன்' என்று பெயர் வைத்த புரோகிராமர் சைமன் வில்லிசன், 2025இல் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேரக் கூடாது என்று எழுதினார்: ரகசியத் தகவல் கைக்கு எட்டுவது, முன்பின் தெரியாதவர் எழுதியதைப் படிப்பது, வெளியே தகவல் அனுப்ப வழி இருப்பது. உன் லேப்டாப்பில் மூன்றும் இருக்கின்றன.

ஏஜென்ட்டைக் கன்டெய்னருக்குள், அதாவது அதே மெஷினில் தனியாக அடைத்த இடத்துக்குள், போட்டுவிடலாம் என்பாய். நல்லதுதான், அதிலிருந்தே ஆரம்பி. ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் மவுன்ட் செய், ஹோம் ஃபோல்டரை முழுசாகக் கொடுக்காதே. கன்டெய்னர்களை நடத்தும் டாக்கருக்குக் கட்டளையிடும் வழியான டாக்கர் சாக்கெட்டை எக்காரணம் கொண்டும் உள்ளே கொடுக்காதே. அது கையில் கிடைத்தால் வெளியே இருக்கும் மெஷினுக்கே முழு அதிகாரம் உள்ள ரூட் ஆகிவிடலாம், கன்டெய்னர் இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்னொன்று, கன்டெய்னர் என்பது அபார்ட்மென்ட் மாதிரி: கதவு தனி, அஸ்திவாரம் ஒன்று. எல்லாக் கன்டெய்னருக்கும் கர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம், ஒன்றுதான். அவற்றை ஓட்டும் ரன்சி என்ற புரோகிராமிலேயே, உள்ளிருந்து வெளியே தப்பிவர வழிவிடும் ஓட்டைகளை 2019இலும் 2024இலும் கண்டுபிடித்து அடைத்தார்கள். அதனால் ஆள் பார்க்காத ராத்திரி வேலைக்கு நான் விஎம் (மெஷினுக்குள் ஓடும் தனி மெஷின்) தான் சொல்வேன், அதற்குக் கர்னல் தனி. அமேசான் 2018இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர் மாதிரியான மைக்ரோ விஎம் ஒரு நொடிக்குள் எழுந்துவிடும். வேலை முடிந்ததும் மொத்தமாக அழித்துவிட்டு, மறுநாள் புதுசாக எழுப்பலாம்.

ஃபைலை அடைத்துவிட்டு நெட்வொர்க்கைத் திறந்துவைப்பவர்கள்தான் அதிகம். எல்லாவற்றையும் மூடிவிட்டு, தேவையான சில முகவரிகளை மட்டும், நடுவில் நின்று சோதிக்கும் ப்ராக்ஸி வழியாகத் திற. அதிலும் கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பைத் திறந்தால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதே. 2025 ஆகஸ்டில் என்பிஎம் வழியாக ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் இறக்கிக்கொள்ளும் என்எக்ஸ் என்ற பிரபலமான பேக்கேஜில் விஷம் கலந்தார்கள். இன்ஸ்டால் செய்ததும் அது, மெஷினில் கிளாட், ஜெமினி போன்ற ஏஜென்ட் கருவிகள் இருக்கிறதா என்று தேடியது. இருந்தால், அனுமதி கேட்காதே என்ற ஆப்ஷனோடு அவற்றையே ஓட்டி, சாவிகளும் கிரிப்டோ வாலட்களும் எங்கே என்று துழாவச் சொன்னது. திருடியதையெல்லாம் பாதிக்கப்பட்டவரின் சொந்த கிட்ஹப் கணக்கிலேயே யாரும் பார்க்கக்கூடிய பப்ளிக் ரெப்போ (கோட் களஞ்சியம்) திறந்து கொட்டியது. நம்பிக்கையான முகவரிதான், சாமான் போனதும் அந்த வழியில்தான்.

கிளவுட் மெஷினில் வைப்பதாக இருந்தால் மெஷினின் விவரங்களைத் தரும் 169.254.169.254 என்ற முகவரியை அடைத்துவிடு. அந்த மெஷினுக்கு ஏதாவது ரோல், அதாவது கிளவுட் கணக்கில் உரிமை, கொடுத்திருந்தால், உள்ளே ஓடுகிற யார் கேட்டாலும் அதன் தற்காலிகச் சாவியை அங்கிருந்து வாங்கிவிடலாம். ரோலே கொடுக்காமல் விடுவது இன்னும் நல்லது.

நம்மைப் போல அனுபவம் உள்ளவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் உள்ளே இருந்தாலும் அது எழுதியது வெளியே வருகிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டரை, கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் டாட் கிட் ஃபோல்டரோடு மவுன்ட் செய்திருக்கிறாய் என்று வை. உள்ளிருந்து அது ப்ரீ-கமிட் ஹூக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஒன்றை எழுதிவைக்கலாம். காலையில் நீ வெளியே, உன் லேப்டாப்பில், கமிட் அடித்தால் அந்த ஹூக் உன் பெயரில் ஓடும். கிட் கான்ஃபிக்கில் எஃப்எஸ்மானிட்டர் என்ற வரியில் ஒரு கட்டளையை எழுதிவைத்தால், வெறும் ஸ்டேட்டஸ் பார்த்தாலே போதும், ஓடிவிடும். மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் இது எதுவும் தெரியாது, ஏனென்றால் டாட் கிட் ஃபோல்டருக்குள் இருப்பது கமிட்டில் சேராது. அதனால் ஏஜென்ட்டுக்குத் தனி குளோன் (ரெப்போவின் நகல்) கொடு. அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் செல்லுபடியாகும், சீக்கிரம் காலாவதியாகும் டோக்கனைக் கொடு. மெயின் பிராஞ்சைப் பூட்டிவை. அது தன் பிராஞ்சில் புஷ் செய்யட்டும், நீ அங்கிருந்து இழுத்துக்கொள். ஹூக் புஷ்ஷோடு வராது. டெஸ்ட்டையும் உன் லேப்டாப்பில் ஓட்டாதே, விஎம்முக்குள்ளேயே ஓட்டு. படித்துப் பார்த்து மெர்ஜ் செய்வது மட்டும் உன் கை.

இவ்வளவும் ஒரே நாளில் முடியாது என்று தெரியும். என் விஎம் செட்டப் ஸ்கிரிப்டை இந்த வாரம் அனுப்பிவைக்கிறேன், ப்ராக்ஸி லிஸ்ட் உட்பட. ஆனால் அதுவரை காத்திருக்க முடியாதது ஒன்று உண்டு. அந்தச் சம்பள டேட்டாபேஸின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்று. புதுசை லேப்டாப்பில் வைக்காதே. டெஸ்ட்டுக்கு ஒரிஜினல் தகவலின் நகலைக்கூடப் பயன்படுத்த வேண்டாம், பொய்ப் பெயரும் பொய் எண்ணும் போட்டு ஒன்று உருவாக்கிக்கொள். மாற்றியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து மீதியைச் சரிசெய்துவிடலாம்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
இளங்கோ