சல்லடையில் தண்ணீர் அள்ளும் இரும்பு

பாசெல், சுவிட்சர்லாந்து
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். பணம் வந்து சேர்ந்திருக்கும். குளிர் இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இன்று இந்த ஊர் நாடக அரங்கின் அருகே ஒரு நீரூற்றைப் பார்த்தேன். நீரூற்று என்றதும் நம் பூங்காவில் வறண்டு கிடக்கும் சிமெண்ட் தாமரையை நினைத்துவிடாதீர்கள். ஆழமில்லாத அகலமான தொட்டி. அதற்குள் கறுப்பு இரும்பு உருவங்கள், உங்கள் பட்டறையிலிருந்து தப்பி வந்தவை போல. ஒன்று சல்லடையால் தண்ணீரை அள்ளுகிறது. தூக்குவதற்குள் அத்தனையும் ஒழுகிவிடுகிறது. சலிக்காமல் மறுபடி குனிகிறது. எனக்குத்தான் பத்து நிமிடத்தில் கால் வலித்தது. காற்று திரும்பியதில் சட்டையும் நனைந்தது.

இதைச் செய்தவர் ழான் டிங்கெலி, இந்த ஊரில் வளர்ந்த சிற்பி. இங்கிருந்த பழைய நாடக அரங்கை 1975இல் வெடி வைத்துத் தகர்த்தார்களாம். அதன் மேடை இருந்த இடத்திலேயே, அந்த மேடையின் இயந்திர உறுப்புகளையும் சேர்த்து, 1977இல் இதை அமைத்திருக்கிறார். "காயலான் கடைக்குப் போடாதே, எதற்காவது உதவும்" என்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. தண்ணீருக்குள் மோட்டாரா என்று கேட்பீர்கள்; குறைந்த வோல்டேஜில்தான் ஓடுகிறது. ஓர் உருவம் கிறீச்சிட்டது. நீங்கள் இருந்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரீஸ் டப்பாவோடு உள்ளே இறங்கியிருப்பீர்கள்.

கடுங்குளிரில் தெறிக்கும் நீர் அப்படியே உறைந்து, உருவங்கள் பனிக்கட்டித் தாடியோடு நிற்குமாம். ஜனவரியில் போய்ப் பார்த்துப் படம் அனுப்புகிறேன்.

திரும்பும்போது ரைன் நதியைப் படகில் கடந்தேன். அதில் மோட்டாரே கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியோடு படகைப் பிணைத்திருக்கிறார்கள்; சுக்கானைத் திருப்பினால் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. நம் கொள்ளிடத்தில் விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பாதி வருடம் மணலில்தான் இழுக்க வேண்டும்.

கிணற்று மோட்டாரில் தண்ணீர் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, ஃபுட் வால்வை மாற்றினீர்களா? பழையதையே தட்டி மாட்டியிருப்பீர்கள், தெரியும்.

அன்புடன்,
உங்கள் மகன்