பூனையை மலையில் விட்டுவராதீர்கள், வீடு பார்த்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வேண்டாம் என்று ஆகிவிட்ட பூனையை ஏற்காடு மலைப்பாதையில் ஏதாவது ஒரு வளைவில் இறக்கிவிடுவதும், செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மண்டிப் பக்கம் சாக்கோடு விட்டுவருவதும் நம் ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. "காட்டில் பிழைத்துக்கொள்ளும், மண்டியில் எலி கிடைக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இரை பிடிப்பதைக் குட்டி பெரும்பாலும் தாயிடம்தான் கற்றுக்கொள்கிறது. தட்டில் சோறு தின்று வளர்ந்த பூனை, தெரியாத இடத்தில் முதல் சில நாட்கள் பயத்தில் எங்காவது புதருக்குள் பதுங்கிக் கிடக்கும். பசியை விட நாய்களும் வண்டிச் சக்கரங்களும் முந்திக்கொள்ளும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு சேர்வராயன் மலையின் பறவைகளையும் ஓணான்களையும் வேட்டையாடத் தொடங்கும். அதுவும் நல்லதல்ல.

வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பதால் யாருக்கும் பயமில்லை. ஆகவே சட்டத்தை நம்பியிருக்காமல், கைவிடப்பட்ட பூனைக்கு நல்ல வீடு தேடித் தருவது எப்படி என்று எழுதுகிறோம்.

முதலில், அது உண்மையிலேயே கைவிடப்பட்டதுதானா என்று பாருங்கள். மாடிப்படிக்கு அடியில் குட்டிகள் கிடந்தால் உடனே தூக்கிவிடக் கூடாது. வயிறு நிறைந்து, கதகதப்பாக, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் இரை தேடிப் போயிருக்கிறது என்று அர்த்தம். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். பக்கத்திலேயே நின்றால் தாய் வராது. வளர்ந்த பூனையாக இருந்தால், "இது உங்கள் பூனையா?" என்று எழுதித் தொலைபேசி எண்ணோடு ஒரு காகிதப் பட்டையைக் கழுத்தில் தளர்வாக ஒட்டிவிடுங்கள். இழுத்தால் கிழிகிற காகிதமாக இருக்க வேண்டும். நூலோ ரிப்பனோ கட்டினால் எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். ஒரு வாரம் பார்த்தும் யாரும் கேட்கவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஏற்கெனவே ஆகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

பிடிக்கும்போது தடிமனான துண்டைப் போர்த்திப் பிடியுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் ஊசி அங்கே இலவசம். மஞ்சள் வைத்துக் கட்டுவது மருந்தாகாது.

தாயில்லாக் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன, பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு செய்த தவறுகளால். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பால் கொடுக்கிறார்கள். நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த உடலில் பால் செரிக்காது. முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு பக்கமாக வைத்துச் சூடேற்றி, பிறகுதான் பால். அதிலும் பசும்பால் வேண்டாம், பேதியாகி இரண்டே நாளில் குட்டி துவண்டுவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும். தாயிடம் குடிக்கும்போது இருப்பது போலக் குப்புற வைத்துத் தலையைச் சற்றுத் தூக்கி, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும்தான். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். பிறந்தபோது ஏறத்தாழ 100 கிராம், ஒரு மாதத்தில் 450, இரண்டு மாதத்தில் 900. எடை ஏறாத நாள் வந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நாள் அது.

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பூனைகளுக்கு வரும் வாந்திபேதி நோயின் கிருமி தரையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காகப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கும். பினாயிலை முறிக்கும் திறன் அதன் ஈரலுக்கு இல்லை. நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு பூனையை விடுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் விடுவதும், காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுப்பதும் உயிரையே எடுத்துவிடும்.

பிறகு கால்நடை மருத்துவரிடம் பூச்சி மருந்து, எட்டு வார அளவில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. இவற்றை விட நாங்கள் வலியுறுத்துவது கருத்தடையைத்தான். பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினைப் பிடிக்கலாம். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகும். "வளர்ந்ததும் செய்துகொள்கிறோம்" என்று வாங்கிப் போகிறவர்கள் நாளைத் தள்ளிப்போட்டால், ஒரு பூனைக்கு வீடு பார்த்த இடத்தில் நான்கு குட்டிகளுக்கு வீடு பார்க்க வேண்டிவரும். முடிந்தவரை கருத்தடை செய்தே கொடுங்கள். குட்டியாகவே கொடுக்க நேர்ந்தால், எந்த மாதம், எந்த மருத்துவர், செலவு யாருடையது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். கடுவனா பெட்டையா என்பதிலும் ஏமாந்துபோகிறார்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள்: கடுவனுக்கு இரண்டு துளைகளும் வட்டமாக, இடைவெளி விட்டு இருக்கும், பெட்டைக்குக் கீழ்த்துளை கோடு போல, மேல்துளையை ஒட்டி இருக்கும். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்த பூனை அநேகமாகப் பெட்டைதான்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டாம். ஒன்றாகப் பிறந்த இரண்டைச் சேர்த்தே எடுத்துக்கொள்ள ஆள் கிடைத்தால் அதை விட நல்லது இல்லை. ஒன்றோடொன்று விளையாடுவதால் கையைக் கடிக்கும் பழக்கம் பெரும்பாலும் வராது. கறுப்புப் பூனைக்கும் வயதான பூனைக்கும் வீடு கிடைக்க நாளாகும். சகுனம் பார்ப்பவரிடம் வற்புறுத்திக் கொடுத்தால் அது மறுபடியும் தெருவுக்குத்தான் வரும். ஆனால் வயதான தம்பதிக்குத் துள்ளும் குட்டியை விட நான்கைந்து வயதுப் பூனைதான் பொருந்தும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் பகல் வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படம், வயது, கடுவனா பெட்டையா என்பது, போட்ட ஊசிகள் எல்லாம் இருக்கட்டும். குறையையும் மறைக்காதீர்கள். சோபாவைப் பிறாண்டும், குழந்தைகளைக் கண்டால் ஓடும் என்று முதலிலேயே எழுதினால் அதைத் தாங்கக்கூடியவர்தான் வருவார்.

கேட்டு வருகிறவரின் வீட்டை நேரில் பாருங்கள். ஜன்னல் கம்பிக்குள் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். மாடி வீடென்றால் பால்கனிக்கு வலை வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள் என்று கேளுங்கள். ஏற்காட்டில் விடுதி நடத்துபவர்கள் கேட்டால், சீசன் முடிந்து ஆள் இல்லாத மாதங்களில் யார் பார்ப்பார்கள், இரவுக் குளிருக்கு உள்ளே இடம் உண்டா என்பதை முடிவு செய்த பிறகே கொடுங்கள்.

எலிக்காகக் கேட்கும் மண்டிக்காரர், மாவு மில்காரரிடம் ஒரே நிபந்தனை: எலி மருந்து வைக்கக் கூடாது. மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை எளிதில் பிடிக்கும். அந்த விஷம் பூனைக்குள்ளும் இறங்கி உள்ளுக்குள் ரத்தம் கசியவைக்கும். பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடும் என்பதும் தவறு. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும்.

சைவ வீடுகளில் அன்பாக வளர்க்கிறார்கள், ஆனால் தயிர்சாதத்திலேயே வளர்க்கிறார்கள். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாமல் போனால் கண் பார்வையும் இதயமும் கெடும். சமைக்க மனமில்லாதவர்கள் கடைப் பூனைத் தீவனம் வைக்கலாம், அதில் டாரின் சேர்த்திருப்பார்கள். கருவாடு உப்பு மிகுந்தது, தினமும் வேண்டாம்.

வீட்டில் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்ற ஒரே காரணத்தால் வெளியேற்றப்படும் பூனைகளும் உண்டு. வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வரலாம் என்பது உண்மை. ஆனால் அது தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாகும். வேறொருவர் தினமும் மலத்தட்டைச் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி போடாமல், கர்ப்பிணி சரியாக வேகாத இறைச்சியைத் தவிர்த்துக் கைகழுவிவந்தால் பூனையை அனுப்பத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் மகப்பேறு மருத்துவரையே கேளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும். சாக்கு வேண்டாம். இரண்டு காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்துக் கட்டினாலே நல்ல கூண்டு கிடைத்துவிடும். அது படுத்த பழைய துணியையும் பழகிய தீவனத்தையும் கூடவே அனுப்புங்கள். புது வீட்டில் முதல் வாரம் ஒரே அறை, ஓரத்தில் சலித்த மணல் தட்டு, கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காமல் விட்டுவிடுவது. மூன்று நான்கு வாரம் கதவைத் திறந்து விடக் கூடாது. அதற்குள் வெளியே விட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிச் சாலையில் அடிபடும். மூன்றாம் நாளும் ஒரு மாதம் கழித்தும் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் வாரம் ஒரு நாள், வீடு தேடும் பூனை, நாய்களுக்காக நான்கு வரி இலவச இடம் ஒதுக்க வேண்டுகிறோம். தெருநாய்களுக்கான கருத்தடைத் திட்டத்தோடு பூனைகளுக்கும் மாதம் ஒரு நாள் ஒதுக்குமாறு மாநகராட்சியையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி வாசகர்கள் சிலர்,
சேலம்.